பெயரும் நெறியும்: அயோத்திதாசப் பண்டிதர் வாழ்வு

ஒருவர் எந்தச் சமயத்தைச் சார்ந்தவர் என்னும் வினாவிற்கு அவர் பிறந்த வீடே விடை கூறிவிடும் என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். தமிழ் இலக்கிய வரலாறு அவ்வாறு கூறவில்லை. சமணத்தில் தருமசேனராக விளங்கியவர் சைவத்திற்கு மீண்டு திருநாவுக்கரசர் ஆனார் என்று பெரியபுராணம் உரைக்கிறது. இத்தாலி நாட்டிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவராகித் தேம்பாவணி இயற்றினார். வைணவக் குடியிற் பிறந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1858ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றுப் பின்னர் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். இவர்கள் வாழ்வில் நேர்ந்த மாற்றங்களை உள்ளத்தின் மாற்றங்களாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். ஆயினும் ஒவ்வோர் உள்ளத்தின் பின்னும் ஒரு காலம் நிற்கிறது. அரசும் கல்விச்சாலையும் அச்சுக்கூடமும் கோயில் வாயிலும் நிற்கின்றன.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் எண்ணியவர், அதனைத் தம் மக்களின் விடுதலைக்கு வழியாக்க முயன்றவர் அயோத்திதாசப் பண்டிதர். வைணவக் குடும்பச் சூழலில் வளர்ந்து, அத்வைதம் பயின்று, கிறித்தவப் போதகரோடு இதழ் நடத்தி, பிரம்மஞான சங்கத் தலைவரின் துணையோடு கொழும்பு சென்று, பௌத்தராய் வாழ்ந்து மறைந்தவர் அவர். ஒரு மனிதர் இத்தனை வாயில்களையும் கடந்தது மனம் ஓரிடத்தில் நில்லாமையால் அன்று. அவர் கேட்டது ஒரே கேள்விதான். ஒரு மக்கட் கூட்டம் இழிந்ததென்று கூறப்படுமாயின், அவ்விழிவு எங்கே, எப்பொழுது, யாரால் தொடங்கியது என்பதே அக்கேள்வி.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தந்தையார் கந்தசாமி. பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் பட்லராகப் பணியாற்றியவர். அக்குடும்பத்தில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் சுவடியொன்றைக் கந்தப்பனார் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது பண்டிதர் தம் எழுத்தில் பெருமிதத்தோடு பதிவு செய்த செய்தியாகும். பிறருடைய இல்லத்தில் ஏவல் செய்த ஒருவர், தம் இல்லத்தில் குறளைக் காத்து வைத்திருந்தார் என்னும் நினைவு பேரனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கல்வியற்றவர் என்று உலகம் குறித்து வைத்த ஒரு குடியில் கல்வி இருந்தது என்பதை அவர் நூல்வழி அறியவில்லை, வீட்டிலேயே அறிந்தார்.

வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழும் சித்த மருத்துவமும் பயின்றார். ஆசிரியர் மீது கொண்ட பேரன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். காத்தவராயன் அயோத்திதாசர் ஆன இந்நிகழ்ச்சி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் பெயர் என்பது பிறப்பினால் மட்டும் வருவதன்று, கல்வியினாலும் தேர்வினாலும் வரக்கூடும் என்னும் எண்ணம் அவர் வாழ்வில் முதன்முதலில் செயலானது இங்கேதான். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அவர் பயிற்சி பெற்றார்.

குடும்பம் நீலகிரிக்குப் பெயர்ந்தமையால் பண்டிதரின் இளமையின் பெரும்பகுதி அம்மலைநாட்டில் கழிந்தது. 1870களில் அங்கு அவர் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்று கூறும் தத்துவம் மெய்யாயின், உயிர்களுக்கிடையே தீட்டு எங்ஙனம் நிற்கும்? அத்வைதத்தின் உச்சியில் ஏறி நின்று சாதியைக் கேள்வி கேட்கும் முயற்சி அது. கிறித்தவ சமயப் பணியாளர்கள் ஊக்கமுடன் உழைத்த காலத்தில், தம் மக்களுக்கு உள்நாட்டு நெறியொன்றிலேயே மதிப்பான இடத்தைத் தேடினார் என்றும் கொள்ளலாம். ஆனால் தத்துவம் ஒப்புக்கொண்டதை ஊர் ஒப்புக்கொள்ளவில்லை.

கணக்கெடுப்பும் பெயரும்

1881ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒருசேர மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதுவரை வட்டாரந்தோறும் நெகிழ்ந்து கிடந்த சாதிப் பெயர்களும் சமயப் பெயர்களும் அச்சிட்ட கட்டங்களுக்குள் அடைக்கப்பட்டன. ஒருவர் இன்னது என்று அரசுக் குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிட்டால், பள்ளியும் பணியும் நீதிமன்றமும் அதனையே மெய்யென்று கொள்ளும். இதன் ஆற்றலைத் தமிழகத்தில் மிக முற்பட உணர்ந்தவர்களுள் பண்டிதர் ஒருவர். தம் மக்களை இழிபெயரால் எழுதாமல் ஆதித் தமிழர் என்று பதிவு செய்ய வேண்டுமென அவர் வேண்டினார். பிற்காலத்தில் சாதிபேதமற்ற திராவிடர் என்னும் பெயரை அவர் பெரிதும் ஆண்டார். அப்பெயரில் பல சாதிகளுள் ஒன்றாக இருத்தல் என்ற எண்ணமே இல்லை. சாதி என்னும் அமைப்பையே ஏற்காதவர் என்பதே அதன் பொருள்.

1885ஆம் ஆண்டில் ஜான் இரத்தினம் என்னும் கிறித்தவப் போதகரோடு இணைந்து திராவிட பாண்டியன் என்னும் இதழைத் தொடங்கினார். சமயத்தால் வேறுபட்ட இருவர் ஓரிதழின் கீழ் நின்றனர் என்பது கருதத்தக்கது. அவர்களை இணைத்தது ஒரே துயரும் தமிழ்க் கல்வியுமாகும். 1891ஆம் ஆண்டில் திராவிட மகாசன சபையை நிறுவி, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் மாநாடு கூட்டினார். இழிபெயரிட்டு அழைப்பதைச் சட்டத்தால் தடுத்தல், தனிப் பள்ளிகளும் உதவித்தொகையும், பொது நீர்நிலைகளைப் பயன்படுத்தும் உரிமை முதலியவை அம்மாநாட்டின் கோரிக்கைகளாயின.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாசன சபையின் கூட்டத்தில் நீலகிரிப் பிரதிநிதியாக அவர் கலந்துகொண்டார். தம் மக்களைச் சிவன் கோயிலுக்குள்ளும் திருமால் கோயிலுக்குள்ளும் விட வேண்டும் என்று அங்குக் கேட்டார். அவையில் எதிர்ப்பு எழுந்தது. அம்மக்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் போன்ற தெய்வங்கள் உண்டு, சிவனும் திருமாலும் அவர்களுக்கு உரியவர் அல்லர் என்னும் கருத்து அங்கே உரைக்கப்பட்டது. அங்ஙனமாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்று கூறிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் பயிரிடத் தரிசு நிலமும் தருமாறு பண்டிதர் கேட்டார்.

அவர் சமய வாழ்வின் திருப்புமுனை இதுவே எனலாம். கணக்கெடுப்பு எழுதும்பொழுது அம்மக்களை இந்துக்கள் என்று எண்ணிக்கையிற் சேர்த்துக்கொள்பவர், வழிபாட்டின்பொழுது அவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றனர். எண்ணும்போது உள்ளே, வணங்கும்போது வெளியே என்னும் இம்முரண்பாட்டை அவர் மறக்கவேயில்லை. இந்து என்னும் சொல்லே ஒரு சமயப்பெயராக நிலைபெற்றது அண்மைக் காலத்தில்தான் என்று பின்னாளில் அவர் தொடர்ந்து எழுதினார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கு முன்னர், 1910இல், கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட் விடுத்த சுற்றறிக்கை இந்து என்போர் யார் என்னும் வினாவை நாடெங்கும் எழுப்பியது. பண்டிதர் ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்னரே அவ்வினாவோடு வாழத் தொடங்கியிருந்தார்.

கொழும்புப் பயணம்

1898ஆம் ஆண்டு தமிழ்ப் பௌத்த வரலாற்றில் இருவகையில் சிறப்புடையது. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பத உரையோடு பதிப்பித்து வெளியிட்டது அவ்வாண்டில். பண்டிதர் பௌத்தம் தழுவியதும் அவ்வாண்டிலேயே. ஒருபுறம் ஏட்டில் உறங்கிய பௌத்தக் காப்பியம் அச்சில் எழுந்தது. மறுபுறம் அக்காப்பியத்தின் சமயத்தைத் தம் மூதாதையர் சமயமென்று உரிமை கோரும் ஒரு கூட்டம் எழுந்தது.

பிரம்மஞான சங்கத் தலைவர் கர்னல் ஆல்காட் அமெரிக்கர்; 1880ஆம் ஆண்டிலேயே இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றவர்; சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனப் பள்ளிகளை 1894 முதல் தொடங்கியவர். பண்டிதரும் நண்பர்களும் அவரை அணுகி, தாங்கள் பழைய திராவிட பௌத்தர்களின் வழிவந்தவர் என்றும், தம் முன்னோர் நெறிக்குத் திரும்ப உதவ வேண்டுமென்றும் விண்ணப்பித்தனர். ஆல்காட்டின் துணையோடு பண்டிதரும் ஆசிரியர் கிருட்டிணசாமியும் கொழும்பு சென்று, வித்தியோதய பிரிவேனாவின் தலைவராக விளங்கிய சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றனர். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது.

அவர் சென்று சேர்ந்த இலங்கைப் பௌத்தமும் காலத்தின் மாற்றங்களுக்கு அப்பாற்பட்டதன்று. கிறித்தவ சமயப் பணியாளர்களோடு 1873ஆம் ஆண்டில் பாணந்துறையில் நடந்த பெரும் விவாதத்திற்குப் பின், பள்ளிகளும் சங்கங்களும் அச்சகங்களுமாகப் புத்துருப் பெற்றது அது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியதும் அதே நெருக்கடியிலிருந்துதான். ஒரு சமயத்தின் கருவிகளைக் கற்றுக்கொண்டு மற்றொரு சமயம் தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்ட காலம் அது. சைவம், சிங்களப் பௌத்தம், தமிழ்க் கிறித்தவம் ஆகிய யாவும் ஒன்றன் முகத்தை மற்றொன்றில் பார்த்தே தம்மை வரைந்துகொண்டன. பண்டிதரின் தமிழ்ப் பௌத்தமும் அவ்வரிசையில் வருவதே. ஆயினும் வேற்றுமை ஒன்றுண்டு. பிறர் தம்மிடம் இருந்ததைக் காக்க முயன்றனர். பண்டிதரோ, தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதாக அவர் நம்பியதை மீட்க முயன்றார்.

அவர் இல்லத்திலும் இப்பயணத்தின் தடம் உண்டு. மக்களுள் பட்டாபிராமன், ஜானகிராமன் என்போர் பெயர்களில் வைணவ மணம் கமழ்கிறது. மகள் ஒருவர் பெயரோ புத்தரின் அன்னை பெயரான மாயாதேவி. ஒரு குடும்பத்தின் பெயர்வரிசையே ஒரு சமய வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

இதழும் இலக்கியமும்

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. பெயரே விலையையும் கூறிற்று. மறு ஆண்டில் அது தமிழன் என்று பெயர் சுருங்கியது. மருத்துவத் தொழில் செய்துகொண்டே, ஏழாண்டுகள், தம் இறுதிவரை அவ்விதழைப் பண்டிதர் நடத்தினார். பெங்களூர், கோலார் தங்கவயல், திருப்பத்தூர் முதலிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் சங்கக் கிளைகளும் வாசகரும் தோன்றினர். சுரங்கத்தில் உழைத்தவரும் கப்பலேறிச் சென்றவரும் அதனைப் படித்தனர். படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றையோர் கேட்டனர்.

அவ்விதழில் அவர் எழுதிய இந்திரர் தேச சரித்திரம், 1912ஆம் ஆண்டில் வெளியான புத்தரது ஆதிவேதம் ஆகியவை வழக்கமான வரலாற்று நூல்கள் அல்ல. ஐம்புலனையும் வென்ற புத்தரே இந்திரர். அவர் பெயராலேயே இந்நாடு இந்திரம் எனப்பட்டது. அறிவாலும் ஒழுக்கத்தாலும் அந்தணரானவர் யதார்த்த பிராமணர். பிற்காலத்தே வேடம் புனைந்து வந்தவர் வேஷ பிராமணர். பின்னவரை ஏற்க மறுத்த பௌத்தர்களே இழிந்தோராக்கப்பட்டனர் என்பது அவர் அமைத்த வரலாற்றின் சுருக்கம். இதற்கு அவர் காட்டிய சான்றுகள் கல்வெட்டோ செப்பேடோ அல்ல. மணிமேகலை, சீவக சிந்தாமணி, நிகண்டுகள், நீதிநூல்கள், சித்தர் பாடல்கள், ஊர்வழக்கு ஆகியவையே. திருக்குறளைத் திரிபிடகத்தோடு தொடர்புறுத்தித் திரிக்குறள் என்றார். ஔவையார் நூலை ஆத்திச்சுவடி என்று படித்து, அதிலும் பௌத்த அறத்தைக் கண்டார். தீபாவளியை எள் நெய் கண்டறியப்பட்டதன் நினைவாக விளக்கினார். அசுரன் ஒருவன் அழிந்த நாள் என்னும் கதையின் இடத்தில் மனித உழைப்பின் வெற்றியொன்றை வைத்தார்.

இவ்விளக்கங்களுள் பல இன்றைய மொழியியலாலும் தொல்லியலாலும் ஏற்கத்தக்கன அல்ல. சொல்லாராய்ச்சி என்னும் பெயரில் அவர் செய்தவற்றுள் ஒலி ஒப்புமை ஒன்றையே நம்பியவை மிகுதி. இதனை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் வரையறையிலும் எல்லைகள் இருந்தன. தம் மக்களைப் போன்றே ஒடுக்கப்பட்ட வேறு சில சாதியாரைப் பூர்வ பௌத்தர் வட்டத்திற்குள் அவர் சேர்க்கவில்லை. இழிவு என்பது வரலாற்றின் விளைவு என்று தம் மக்களுக்காக நிலைநாட்டியவர், அதே அளவுகோலை அவர்களுக்கு நீட்டவில்லை. ஆங்கில ஆட்சியின் மீது அவர் வைத்த நம்பிக்கையும் மிகையானது.

ஆயினும் தமிழ்நாட்டில் பௌத்தம் வேரூன்றியிருந்தது என்னும் அடிப்படைக் கூற்று வெறுங்கற்பனை அன்று. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் இலக்கணம் செய்த புத்தமித்திரனார் பௌத்தர். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் கொடையாக விடப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அந்நகரில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்பட்டது. அப்பொழுது பண்டிதருக்கு வயது இருபத்திரண்டு. பின்னர் மயிலை சீனி. வேங்கடசாமி 1940ஆம் ஆண்டில் பௌத்தமும் தமிழும் என்னும் நூலில் சான்றுகளை முறைப்படத் தொகுத்தளித்தார். பௌத்தம் தமிழில் வாழ்ந்தது உறுதி. அதன் வழிவந்தோர் யார் என்பதே உறுதிப்படாதது. பண்டிதர் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை இலக்கியத்தால் நிரப்பினார்.

அவ்வாறு நிரப்பியது குற்றமா என்னும் வினா எழும். அவர் காலத்தில் எல்லாச் சமயத்தாரும் தத்தம் பழமையை அவ்வாறே எழுதினர். மூவேந்தர் காலமும் வேத காலமும் பொற்காலங்களாகப் புனையப்பட்ட காலம் அது. அரசரும் ஆதீனமும் கோயிலும் உடையவர்கள் பழமையை எழுதும்போது கல்லும் செம்பும் துணை நின்றன. அவை எவையும் இல்லாத மக்களுக்குச் சொல் ஒன்றே சுவடியாக இருந்தது.

ஒரே வீட்டில் இரு விடைகள்

அக்காலத்தில் அனைவரும் பண்டிதர் வழியே சென்றனர் அல்லர். அவருடைய மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டில் பறையன் என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழித்துரைக்கப்பட்ட பெயரையே ஏந்தி நின்று அதற்கு மதிப்புத் தேடுவது அவர் வழி. அப்பெயரை மறுத்துப் பழைய பெயரைத் தேடுவது பண்டிதர் வழி. சீனிவாசனார் பௌத்தம் தழுவவில்லை. பௌத்தருள்ளும் வேறுபாடு இருந்தது. பேராசிரியர் இலட்சுமி நரசு 1907ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பற்றிய நூல், பகுத்தறிவுக்கும் அறிவியலுக்கும் இயைந்த நெறியாகப் பௌத்தத்தைக் காட்டியது. பண்டிதருக்கோ பௌத்தம் ஒரு மக்களின் நினைவு, பண்டிகை, மருத்துவம், மொழி ஆகிய யாவுமாகும். ஒரே காலம், ஒரே நகரம், ஒரே துயரம். விடைகள் மட்டும் வேறு. வரலாறு மனிதர்மீது நெருக்கடியைச் சுமத்துகிறது. விடையை அது சுமத்துவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் எழுதி வந்த திருக்குறள் உரை முற்றுப்பெறாமல் நின்றது. மைந்தர் பட்டாபிராமன் சிலகாலம் இதழை நடத்தினார். பின்னர்க் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பினார். அதன்பின் நெடுங்காலம் தமிழுலகம் அவரை மறந்திருந்தது. பழைய தொண்டர் சிலரின் இல்லங்களில் காக்கப்பட்ட இதழ்களிலிருந்து, 1999ஆம் ஆண்டில் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே அவர் எழுத்துக்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. பாட்டனார் வீட்டில் சுவடி காத்தார். பேரனின் எழுத்தையும் எளிய வீடுகளே காத்தன.

அவர் எழுப்பிய வினா அவரோடு முடிந்துவிடவில்லை. 1922ஆம் ஆண்டில் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. இலட்சுமி நரசுவின் நூலை 1948ஆம் ஆண்டில் மறுபதிப்புச் செய்வித்த அம்பேத்கர், அதே ஆண்டில் தீண்டாதார் என்போர் முற்காலப் பௌத்தரே என்னும் கருத்தைத் தனி நூலில் முன்வைத்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணை முதலில் இந்துக்களுக்கென்றே வரையறுக்கப்பட்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படாமை குறித்த வழக்கு 2004ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அடைந்தது. ஒருவர் எந்தச் சமயத்தவர் என்பது அவர் வழிபாட்டறையில் மட்டுமன்றி அரசுப் படிவத்திலும் தீர்மானமாகிறது என்று 1881இல் பண்டிதர் உணர்ந்தது எத்துணை ஆழமானது என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

பத்தாண்டுகளாகக் கூடிப் படித்துவரும் நம் வட்டத்தார்க்கும் கவிஞர்க்கும் பண்டிதரின் வாழ்வு தனியாக ஒன்றைக் கூறுகிறது. நாம் காப்பியங்களில் அணியையும் நயத்தையும் தேடுகிறோம். அது நம் கடமை. அதே பக்கங்களில் ஒரு மக்கட் கூட்டம் தன் இழந்த முகவரியைத் தேடியது. அவர்களுக்குச் சுவை நுகர ஓய்வு இருந்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு சாட்சியாகத் தோன்றிற்று. அவர்தம் விளக்கத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதாயின், அவர் நூல்களைப் படித்தபின் மறுப்பதே முறை. அரங்கேற்றமும் ஆதரவும் இன்றி, மருந்து அரைத்த கையால், ஒரு பைசா விலையில், வாரந்தோறும் தமிழை நம்பி எழுதியவர் அவர். தமிழ் இலக்கியம் எவருடையது என்னும் வினாவிற்கு, எங்களுடையதும் ஆம் என்று அவர் சொன்ன விடையை மறுப்பதற்கு எச்சான்றும் இதுவரை எழவில்லை.